கிளம்புகிறவரிடம் கேட்கக் கூடாதது

இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே என் போனைப் பிடுங்கிச் சோற்றுக் குண்டானில் போட்டு, மேலே ஒரு தட்டையும் கவிழ்த்து மூடிவிட்டார் என் மாமியார். நல்ல வேளை, குண்டான் காலி. உள்ளே இருந்தபடியே அந்த வீடியோக்காரப் பெண் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். தினமும் பேச உதவும் வாக்கியங்கள் என்று வரிசையாகச் சொல்லி, நம்மையும் திருப்பிச் சொல்லச் சொல்லும் வீடியோ அது. நான் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சரியாக அந்த நேரம் பார்த்து, "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

அந்த நேரம் என்றால், என் வீட்டுக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்த நேரம்.

எங்கள் குப்பத்தில் கடலுக்குக் கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் வலை வெறுமனே வரும் என்பார்கள் சிலர். ஆளே வரமாட்டான் என்பார்கள் சிலர். பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. தண்ணீர்க் கேனை மறந்துவிட்டுப் போனால்கூட "இந்தாங்க" என்று குரல் கொடுக்க முடியாது. பக்கத்துச் சந்தில் புகுந்து ஓடி, அவருக்கு முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து நீட்ட வேண்டும். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. பேச்சு வரும்போதே கூடவே வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் நின்றார். திரும்பி உள்ளே வந்து வலையைச் சுவரோரம் வைத்தார். அத்தை ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். கேள்வி விழுந்துவிட்டால் அதுதான் பரிகாரம். கிளம்பியது கிளம்பாததாக ஆகி, புதிதாகக் கிளம்ப வேண்டும். கரையில் கூட்டாளிகள் படகை இறக்கி வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டது நானா? போன். அதுவும் இங்கிலீஷில். கடலம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று அத்தையிடம் சண்டைக்குப் போனேன்.

"கேள்வி கேள்விதான். எந்த பாஷைல கேட்டா இன்னா?" என்றார் அத்தை.

அதற்குமேல் நான் பேசவில்லை. வேறு விஷயமாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன், ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுப்பவள்தான். ஆனால் அத்தையின் வீட்டுக்காரர், நான் பார்த்தே இராத என் மாமனார், கடலுக்குப் போய் உயிரோடு திரும்பாதவர். நான் மருமகளாக வருவதற்கு வெகுகாலம் முன்னால் நடந்தது. அது எப்படி நடந்தது என்று அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அத்தையிடம் எனக்கு வாய் எழும்பாது.

இவளுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று ஊரே கேட்டது. நான் ஓர் இடத்தில் உட்காராதவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என்னைப் பெற்ற நைனா சொல்வார். பொன்னேரியில் கல்லூரி முடித்தேன், கல்யாணம் ஆனது, பிறகு வலை பிரிப்பது, நண்டு தரம் பிரிப்பது, கருவாடு காயவைப்பது, மறுபடி வலை. மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதும் வீடு சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் மண் தூர்ந்துபோய் ஏரியில் மீன் இல்லை. கடலுக்குப் போனாலும் பாதி நாள் டீசலுக்குத் தேறுவதில்லை. மீஞ்சூர் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும், யாரிடமும் கேட்காமல் போய் நின்றேன்.

அங்கே மேனேஜர் ஒரு வடக்கத்திய அம்மாள். என் வயதுதான் இருக்கும், தமிழ் துளியும் தெரியாது. நான் "குட் மார்னிங் மேடம்" என்றதும் வெடுக்கென்று நிமிர்ந்தார். மீன் ஏலத்தில் கத்திப் பழகின குரல், கொஞ்சம் பலமாகத்தான் விழுந்துவிட்டது. அவருக்கு அதுதான் பிடித்ததாம். லாரிச் சத்தத்தில் மற்றவர்கள் பேசுவது கேட்பதே இல்லை, உன் குரல் வெளி கேட் வரைக்கும் போகும் என்றார். ஒரு மாதம் பார்க்கிறேன், அதற்குள் மேசைக்கு வேண்டிய இங்கிலீஷ் வந்துவிட்டால் வேலை உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வேலைக்கு நான் அவ்வளவு ஆசைப்பட்டேன். கடல் கண் திறந்தால்தான் சோறு என்கிற பிழைப்பிலிருந்து ஒரு காலையாவது வெளியே எடுத்துவைக்க வேண்டும். இது கைநழுவினால் மறுபடி வலை பிரிக்க உட்கார வேண்டியதுதான்.

வேலை என்னவோ சின்னதுதான். உள்ளே வருகிறவரை நிறுத்தி, எங்கே போகிறார் என்று கேட்டு, அந்த இடத்துக்கு ஒரு பாஸ் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆபீசுக்குப் போகிறவர் இடது பக்கம், லோடு எடுக்க வந்தவர் வலது பக்கம். நேரே தெரியும் கண்ணாடிக் கதவைத் தாண்டி, சரக்கு ஏற்றி இறக்கும் யார்டுக்குள் மட்டும் வெளியாள் ஒருவரும் போகக் கூடாது. அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, அந்த மேசைக்கு முதல் வாக்கியமே "வேர் ஆர் யூ கோயிங்?" தான். வெளி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் அதை வாய் நிறைய வெற்றிலையோடு நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கோ அது தொண்டையைத் தாண்டவில்லை. தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை. கிளம்பி எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற ஒரு மனுஷனைப் பார்த்து அதைக் கேட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். படித்தவள்தானே நீ என்று கேட்கலாம். படித்தவள்தான். படிப்பு தலையில் இருந்தது, இது நாக்கில் இருந்தது.

கேட்காமல் வேலை ஓடாது. ஆகவே சந்துவழி தேடினேன். பொன்னேரியில் ரயில் ஏறி மீஞ்சூரில் இறங்குவதற்குள் காதைத் தீட்டி வைத்துக்கொள்வேன். சீட்டு கிடைத்தாலும் உட்காரமாட்டேன். பேசுகிறவர்கள் பக்கமாக நகர்ந்து நகர்ந்து நிற்பேன். காதில் எதையோ செருகிக்கொண்டு தனியாகப் பேசும் ஆபீஸ் பெண்கள்தான் என் வாத்தியார்கள். ஒருநாள் அதில் ஒருத்தி, "ஹூம் வுட் யூ லைக் டு ஸ்பீக் டு?" என்றாள். யாரிடம் பேச விரும்புகிறீர்கள்! அடடா, ஆளைக் கேட்டால் இடம் தானாக வந்துவிடுமே. அன்றைக்கே மேசையில் அதைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். "ஹூம் வுட் யூ லைக் டு மீட், சார்?" வந்தவர் அக்கவுண்ட்ஸில் ஒருவர் பெயரைச் சொன்னார். இடது பக்கம் பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். எழுந்து குதிக்கலாம் போல இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. "ஹௌ மே ஐ ஹெல்ப் யூ?" என்று கேட்டால் மனுஷர்கள் தங்கள் கதை முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள். லோடு எடுக்க வந்தவரிடம் "மே ஐ சீ யுவர் பேப்பர்ஸ்?" என்றால் போதும், இடம் காகிதத்திலேயே இருக்கும். "இஸ் ஹி எக்ஸ்பெக்டிங் யூ?" என்றால், அவர் உங்களுக்காகக் காத்திருக்கிறாரா என்று பொருள். இதைச் சொன்னதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றவர்கள் உண்டு. மேடம் போனில் "ஐயாம் அஃப்ரெய்ட், ஹி இஸ் நாட் இன்" என்பதைக் கேட்டு, ஒருவர் சீட்டில் இல்லாததற்கு இவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் விழித்தேன். இல்லை என்பதை மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லக் கூடாதாம். விளக்கை அணை என்று சொல்ல வாய் கூசி மலையேற்று என்கிறோமே, அதுபோலத்தான். அவர்களுக்கும் வாயில் வரக் கூடாத பேச்சு உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

எனக்கு மிகவும் பிடித்தது சாயங்காலம் மேடம் சொல்கிற "சீ யூ டுமாரோ". வெறும் "பை" என்றால் எனக்கு ஆகாது; கயிற்றை அறுத்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். "சீ யூ டுமாரோ" என்பதில் போய்விட்டு வருகிறேன் என்பது அப்படியே இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூடைக்காரம்மா ஒருநாள், யாருக்கு மந்திரம் போடுகிறாய் என்று கேட்டார்.

மாதம் முடியப் போகிற சமயம். மேடம் ஒருநாள் என் மேசைக்கே வந்து, இதற்கு முன்னால் இருந்தவள் வருகிறவர்களை அதட்டுவாள், நீ மரியாதையாகக் கேட்கிறாய், இந்த இங்கிலீஷ் எங்கே கற்றாய் என்று விசாரித்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கேட்கக் கூடாத ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் ஒட்டிக்கொண்ட இங்கிலீஷ் அது. டிரெயின், மேடம் என்று மட்டும் சொன்னேன். வேலை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நடுப்பகல். லாரி டிரைவர் ஒருவர் வந்தார். நம் பக்கத்து ஆள், நைனா வயது இருக்கும், காலில் ரப்பர் செருப்பு. "ப்ளீஸ் வெயிட், சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மணியடித்த போனை எடுத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தால் ஆள் இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு யார்டுக்குள் நடந்து போய்க்கொண்டிருக்கிறார். முதுகு தெரிகிறது.

வாயைத் திறந்தேன். அதற்குள் அது அடைத்துக்கொண்டது. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கே என்று கேட்கக் கூடாது. யோசித்துச் செய்ததில்லை; யோசிக்க எங்கே நேரம்? என் கால்கள் தாமாகவே ஓடின. அவர் பின்னால் ஓடியிருந்தாலாவது எட்டிப் பிடித்திருப்பேன். நான் ஓடியது பக்கவாட்டு வராந்தாவில். தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு சந்தில் ஓடுவேனே, அதே மாதிரி சுற்றிக்கொண்டு போய், அவருக்கு முன்னால் நின்று, முகத்தைப் பார்த்து, இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லப் போனேன். வராந்தா முனையில் நான் திரும்பியபோது ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வந்து அவரைத் தட்டிவிட்டிருந்தது. கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலுதவி அறையில் அவர் காலில் ஐஸ் வைத்துக் கட்டினார்கள். பாதத்தில் ஏதோ எலும்பு விரிசல் விட்டிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. நான் கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு கொரல் உட்டிருந்தா நின்னிருப்பேனேம்மா" என்றார்.

மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கேமராவில் எல்லாம் பார்த்துவிட்டிருந்தார். நான் எழுந்ததும், வாயைத் திறந்ததும், மூடியதும், பக்கவாட்டில் ஓடியதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உன் குரலுக்காகத்தான் உன்னை எடுத்தேன், ஏன் கூப்பிடவில்லை, எங்கே போகிறீர்கள் என்று ஏன் கேட்கவில்லை என்றார். ரயிலில் பொறுக்கிச் சேர்த்த மரியாதை வாக்கியம் ஒன்றுகூட அந்த நேரத்துக்குக் கைகொடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "மை வில்லேஜ், மேன் கோ டு சீ, மேடம். நோபடி ஆஸ்க் வேர். இஃப் ஆஸ்க், ஹி நாட் கம் பேக்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் இங்கிலீஷ் பேசியது அதுதான் முதல் தடவை.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அண்ட் இஃப் ஹி டஸ்ன்ட் கம் பேக், ஹௌ டு யூ நோ வேர் டு லுக்?" என்றார். திரும்பி வராமல் போனால், எங்கே போய்த் தேடுவது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கிண்டல் இல்லை, குத்தலும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் சனிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். அந்த மேசையில் இருக்கிறவள் கூப்பிட்டு நிறுத்தத் தெரிந்தவளாக இருக்க வேண்டும், முடியாது என்றால் உன்னை வைத்துக்கொள்ள எனக்கும் முடியாது என்றார். நியாயம்தான்.

அன்றைக்கு ரயிலில் யார் பேசியதும் காதில் ஏறவில்லை. கதவோரம் போவதும் உள்ளே வருவதுமாக இருந்தேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். நீ செய்தது சரிதான், முகத்துக்கு நேராகப் போய்த்தான் நிறுத்த வேண்டும் என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம், நான் சரியாகச் செய்ததற்கு ஒருத்தருக்குக் கால் உடைந்திருக்கிறது என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அத்தை எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பிடப் பிடிக்கவில்லை. கரைக்குப் போனேன், என் வீட்டுக்காரர் படகு போய்விட்டிருந்தது. எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து தினம் கடலுக்குப் போகிற மனுஷன். வடக்கா தெற்கா என்றுகூட எனக்குத் தெரியாது. அது ஒரு குறையாக அதுவரைக்கும் எனக்குப் பட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் வந்தார். வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டே இருந்தோம். நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், டிரைவர் சொன்னது, மேடம் கேட்டது எல்லாம். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு நண்டின் காலை வலைக் கண்ணிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"எங்க தேடுவீங்கன்னா கேட்டாங்க?" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் மறுபடி நண்டைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது.

அன்றைக்கு மேசையில் உட்காரவே இல்லை, நின்றேன். முதலில் வந்தவர் ஒரு எலெக்ட்ரீஷியன், தோளில் பை. மேசையைத் தாண்டி நடந்தார். முதுகு தெரிந்தது. தமிழில் கேட்கப் பார்த்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு கண்ணை இறுக்கிக்கொண்டு, "எக்ஸ்க்யூஸ் மீ, சார்! வேர் ஆர் யூ கோயிங்?" என்று கத்திவிட்டேன். வெளி கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தம். எலெக்ட்ரீஷியன் பயந்துபோய் நின்று, கேன்டீனுக்கு மேடம், டீ குடிக்க என்றார்.

போகச் சொன்னேன். அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் எனக்கு உயிர் கையில் இல்லை. முழுசாக வந்தார், வாயைத் துடைத்துக்கொண்டு. ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் விடுவேனா? அன்று முழுவதும் வந்தவர் போனவர் எல்லாரையும் கேட்டேன். கூரியர்காரரைக் கேட்டேன், தண்ணீர் கேன் போடுகிறவரைக் கேட்டேன். அத்தை சொன்னது தப்பு, எந்த பாஷையில் கேட்டாலும் ஒன்றுதான் என்று இல்லை. தமிழில் அந்தக் கேள்வியைச் சுற்றி எங்கள் குப்பத்துப் பயம் எல்லாம் நின்றுகொண்டிருந்தது. இங்கிலீஷில் அது எனக்கு இரவல் செருப்பு. என் சொந்தக் காலால் மிதிக்கக் கூசுகிற இடத்தை அதைப் போட்டுக்கொண்டு தாண்டிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மேடம் பையை எடுத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டினார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், வேர் ஆர் யூ கோயிங்?" என்றேன், அவர் முதுகைப் பார்த்து. சட்டென்று திரும்பினார். முதலில் ஆச்சரியம், பிறகு சிரிப்பு. வீட்டுக்குத்தான் என்றார். உன்னுடைய வேலை நிரந்தரம் என்று காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டேன், திங்கட்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன், இப்போதே தெரிந்துகொள் என்றார். "சீ யூ மண்டே, மேடம்" என்றேன்.

ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன், அத்தைக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனாலும் மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, டீ குடிக்கப் போகிற எலெக்ட்ரீஷியன், அவர் எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்குச் சொந்தமான ஒரே மனுஷன் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் கிளம்புகிற நேரத்தில் நான் வீட்டில் இருப்பது அபூர்வம். அந்தப் பருவத்தில் சாயங்காலம் வலை விட்டு விடியலில் எடுப்பார்கள். நாலு மணி இருக்கும், அவர் வலையை எடுத்தார். அத்தை வழக்கம்போல உள்ளே போய் அடுப்படியில் நின்றுகொண்டார். நான் வாசல் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றேன். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது, ரெண்டு நாளாகக் கத்திக் கத்திச் சூடாகவே இருந்தது. இங்கிலீஷில்தான் கேட்கப் போகிறேன், கேட்டால் என்ன? பல்லைக் கடித்துக்கொண்டேன். எலெக்ட்ரீஷியனிடம் கேட்பது வேறு. இவர் போவது கடலுக்கு. பயம் பயம்தான், எனக்கு இருந்தது.

அவர் வாசலைத் தாண்டினார். நாலடி போனவர் நின்றார். திரும்பவில்லை, கிளம்பிய ஆள் திரும்பக் கூடாது. கடலைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"மொகத்துவாரத்துக்கு வடக்க போறோம். பத்துப் பாகம் ஆழத் தண்ணில வலை உடறோம்." வலையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "நீ ஒன்னும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

போய்விட்டார். வாசலிலேயே கீழே உட்கார்ந்தேன். அழுதுகொண்டிருக்கிறேன் என்பதே கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது. கரையில் படகைத் தள்ளுகிற சத்தம் கேட்டது, மோட்டார் கிளம்பியது, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அது முழுசாக அடங்கும்வரை அத்தை வெளியே வரவில்லை. வந்தால் எனக்குத் திட்டு நிச்சயம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் பேசி அவன் புத்தியையும் கெடுத்துவிட்டாய் என்று ஆரம்பிப்பார். அத்தை மெல்ல வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வடக்கன்னா சொன்னான்?"

"ஆமா அத்தே. பத்துப் பாகம்."

"வடக்க. பத்துப் பாகம்" என்று அத்தை தனக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாடம் மனசில் நிற்கிறதா என்று சொல்லிப் பார்ப்பேனே ரயிலில், அதே மாதிரி. பிறகு கடல் இருக்கிற திசையைப் பார்த்தபடி, அந்த வீட்டில் நான் ஒருநாளும் கேட்டிராததைச் சொன்னார்.

"அவங்கப்பா போனப்போ நானும் கேக்கல, யாரும் கேக்கல. ஊரே வடக்கத்தான் போய்த் தேடிச்சு. அவரு தெக்க கெடந்தாரு."